கிள்ளான் கடை ஸ்டூல்

பிரிக்பீல்ட்ஸ்
6 மார்ச் 2025

கிள்ளான் கடை அக்காவுக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று தமிழ்ப்பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு கேள்வி. உங்கள் கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதாமே, உண்மையா?

நான் ஷாமினி. நம் கம்பெனியின் பிரிக்பீல்ட்ஸ் கடையில் கோப்பி போடுகிறேன். பாலும் பேஸ்ட்ரியும் கொண்டுவரும் லோரிக்காரர் சுகுமாறன் அண்ணன்தான் இந்தச் செய்தியைச் சொன்னார். "கிள்ளான்ல ஒரு அக்கா உக்காந்துகிட்டே கப் அடுக்குறாங்க லா" என்றார். நான் நம்பவில்லை. வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பதுதானே நம் கம்பெனியின் முதல் விதி. இங்கே கவுண்டரில் சாய்ந்தால்கூட ஏரியா மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டு போன் செய்கிறார். நோன்பு மாதம் வேறு. என்னோடு வேலை செய்யும் ஃபரா நேற்று மாலை ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

அந்த ஸ்டூல் எப்படி வந்தது? கேட்டு வாங்கினீர்களா, தானாக வந்ததா? யாரிடம் கேட்டீர்கள்? என்ன நிறம்? முதுகு சாய்க்க ஏதாவது இருக்கிறதா?

என் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். சுகுமாறன் அண்ணன் எங்களிடம் இறக்கிவிட்டு அடுத்து உங்களிடம்தான் வருகிறார் என்பதால் இதை உங்கள் பெட்டியில், தட்டுக்கு அடியில் வைக்கிறேன். நலம்தானே?

ஷாமினி

*

கிள்ளான்
10 மார்ச் 2025

ஷாமினிக்கு,

ஸ்டூல் இருக்கிறது. நிறம் கறுப்பு. முதுகு சாய்க்க ஒன்றும் கிடையாது. ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதற்கு டிஷ்யூ மடித்து வைத்திருக்கிறோம். போதுமா?

என் பெயர் ரமணி. நல்லவேளை, பெட்டியைப் பிரித்தது நான். என்னோடு வேலை செய்யும் பாலன் பிரித்திருந்தால் இந்நேரம் கிள்ளான் முழுக்கத் தெரிந்திருக்கும். உன் நம்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போன வருடம் ஒரு பையன் வாட்ஸ்அப் குரூப்பில் ஷிப்ட்டைப் பற்றிப் புலம்பினான். யாரோ அதைப் படம் பிடித்து மேலே அனுப்ப, அவன் வேலையை விட்டே போகும்படி ஆயிற்று. எழுதுவதாக இருந்தால் தமிழில், கையால் எழுது. ஏரியா மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படித்ததும் கோப்பிச் சக்கைக்குள் போட்டுவிடு.

ஸ்டூல் கதையைச் சொல்லாவிட்டால் நீ தூங்கமாட்டாய் போலிருக்கிறது. இங்கே அமுதவள்ளி என்று ஒருத்தி இருந்தாள். கர்ப்பமாக இருந்தபோது டாக்டர் சீட்டு கொடுத்தார், கம்பெனி ஸ்டூல் கொடுத்தது. பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இப்போது காஜாங்கில் புருஷனோடு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். ஸ்டூலைத் திருப்பி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எந்த மேனேஜர் வந்து கேட்டாலும், "அமுதவள்ளிக்கு" என்போம். அவர்கள்தான் சில மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறார்களே. தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் முறை வைத்து உட்காருகிறோம்.

என் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. என் முறை எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்துத்தான் நாளை ஓட்டுகிறேன். ஆகவே வாயைக் கட்டு. நுணலும் தன் வாயால் கெடும்.

ரமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
27 மார்ச் 2025

ரமணி அக்கா,

வாயைக் கட்டவில்லை.

ஏரியா மேனேஜர் வந்தபோது ஸ்டூல் கேட்டேன். "யாருக்கு?" என்றார். அந்த நேரத்தில் எனக்கு உங்கள் அமுதவள்ளிதான் நினைவுக்கு வந்தாள். ஃபராவுக்கு என்றேன். கையால் வயிற்றையும் காட்டிவிட்டேன். ஃபராவுக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது, வயிற்றில் ஒன்றும் இல்லை. ஸ்டூல் வரவில்லை. மறுநாள் கம்பெனியிலிருந்து வாழ்த்து அட்டையோடு பழக்கூடை வந்தது. நேரம் பார்த்து ஃபராவின் மாமியார், மருமகளை நோன்பு திறக்க அழைத்துப் போக வந்து நின்றார். அட்டையைப் படித்தார். மிட்டாய்ப் பெட்டியைப் பார்த்த குழந்தை மாதிரி சிரித்தார், பிறகு கடைக்குள்ளேயே அழுதார். உண்மையைச் சொல்ல வேண்டியது ஃபராவின் தலையில் விழுந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஃபராவுக்கு என்மேல் கோபம். ஒரே கேள்விதான் கேட்டாள். மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். "உக்கார்றதுக்கு எதுக்கு வயிறு வேணும்? கால் வலிக்குதுன்னா பத்தாதா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரியுமா?

அடுத்த முறை அவர் வந்தபோது ஷிப்ட்டில் இருந்த எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய், கால் வலிக்கிறது, ஸ்டூல் வேண்டும் என்று கேட்டோம். அவர் சொன்னார்: "உங்களுக்குக் குடுத்தா எல்லாக் கடையும் கேக்கும்." பயமுறுத்தத்தான் சொன்னார். எனக்கோ யோசனை சொன்ன மாதிரி இருந்தது. எல்லாக் கடையும் கேட்டால் என்ன ஆகும் அக்கா?

தினமும் சர்க்கரை இல்லாத கோப்பி வாங்க வரும் தங்கமணி ஆன்டி அப்போது பக்கத்தில்தான் நின்றார். இவ்வளவு நாளும் அவரை இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்திருந்தேன். உணவுக்கடைத் தொழிலாளர் சங்கம் ஒன்றில் வேலை செய்கிறாராம். எல்லாக் கடையும் கேட்டால் என்ன ஆகும் என்று அவரிடமும் கேட்டேன். "அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்மா, ஆனா நீ ஒரு கடை மட்டும் வச்சிக்கிட்டு கேக்கக் கூடாது" என்றார்.

ஷாமினி

*

கிள்ளான்
8 ஏப்ரல் 2025

ஷாமினிக்கு,

உன்னை நேரில் பார்த்தால் காதைத் திருகுவேன். உன் கடையில் ஸ்டூல் கேட்டதும் அந்த மனிதர் நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார். ஸ்டூலைப் பார்த்தார். வழக்கம்போல "அமுதவள்ளிக்கு" என்றோம். இவர் மற்றவர்களைப் போலத் தலையாட்டவில்லை. "எத்தனையாவது மாசம்?" என்றார்.

பாலன் சட்டென்று சொன்னான்: "இது ரெண்டாவது பிள்ளை, சார்."

ஸ்டூல் தப்பித்தது. அன்று முழுவதும் உன்மேல் அவ்வளவு கோபம். வீட்டுக்கு வந்து மகளுக்குச் சோறு போடும்போது பாலன் சொன்னது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். என்னம்மா என்று அவள் கேட்டாள். சொன்னேன். அவளுக்குப் பதினொரு வயது. "ஏம்மா இல்லாத ஆள் பேர்ல உக்கார்றீங்க?" என்றாள். நீயும் உன் ஃபராவும் போதாதென்று இவள் வேறு.

அந்தத் தங்கமணியிடம் ஒன்று கேட்டுச் சொல். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகுமா? நான் கேட்டதாகச் சொல்லாதே. எனக்குப் புருஷன் இல்லை. இந்த வேலை போனால் எனக்கும் மகளுக்கும் வேறு வழியில்லை.

ரமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
15 ஏப்ரல் 2025

ரமணி அக்கா,

நீங்கள் கேட்டதாகச் சொல்லவில்லை. கிள்ளானில் கறுப்பு ஸ்டூலில் உட்காருகிற ஒருவர் கேட்கிறார் என்று மட்டும்தான் சொன்னேன்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு எடுக்கச் சட்டத்தில் இடமில்லையாம். "ஆனா வேற காரணம் தேடுவாங்க. அதையும் மறைக்காம சொல்லிடு" என்றார் ஆன்டி. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த இரண்டாவது வாக்கியத்தால்தான். போதுமான பேர் சேர்ந்ததும் எங்களோடு பேசு என்று சங்கம் கம்பெனியைக் கேட்கும். கம்பெனி மறுத்தால் அரசாங்க அதிகாரிகள் ஒவ்வொரு கடைக்கும் வந்து ரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். அதில் ஜெயித்துவிட்டால் கம்பெனி பேசித்தான் ஆக வேண்டும். ஸ்டூலைப் பற்றி, ஷிப்ட்டைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி.

அதிகாரிகள் பெட்டியைக் கவுண்டர்மேல் வைப்பார்களா, மேசை கொண்டுவருவார்களா என்று கேட்டேன். ஆன்டி சிரித்தார். உங்களுக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைதான், ஒத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் சேரும் விண்ணப்பப் பாரங்களைத் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அக்கா.

ஷாமினி

*

கிள்ளான்
12 ஆகஸ்ட் 2025

ஷாமினிக்கு,

தங்கமணி எங்கள் கடைக்கு வந்துபோனதையும் எல்லோரும் சேர்ந்ததையும் சுகுமாறன் அண்ணனே உனக்குச் சொல்லியிருப்பார். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். கம்பெனி மறுத்துவிட்டது என்றும், இனி வாக்கெடுப்புதான் என்றும் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவது சுகுமாறன் அண்ணனுக்கும் தெரியாது. என்னை அவுட்லெட் எக்சிகியூட்டிவ், அதாவது கடைப் பொறுப்பாளர், ஆக்குகிறார்களாம். ஏரியா மேனேஜர் சுபாங் ஜெயா ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னார். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். இத்தனை வருடமாக இரவு ஷிப்ட் வரும் நாளெல்லாம் மகள் பக்கத்து வீட்டில்தான் சாப்பிடுகிறாள். அவள் வீட்டுப்பாடம் செய்வதை நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது.

அந்தப் பதவிக்குப் போகிறவருக்குச் சங்கத்தில் இடமில்லை, ஓட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்கிறார்கள் என்பதும் தெரியும். நான் ஒன்றும் பாப்பா இல்லை. ஆனாலும் ஆசையாக இருக்கிறது ஷாமினி. நீ என்ன நினைக்கிறாய்?

ரமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
14 ஆகஸ்ட் 2025

ரமணி அக்கா,

என்ன நினைக்கிறேன் என்று கேட்டீர்கள், சொல்கிறேன். ஒரு ஸ்டூலைக் காட்டி உங்களை விலைக்கு வாங்கிவிட்டார்கள். இந்த முறை முதுகு சாய்க்கிற ஸ்டூல், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிள்ளான் ஆட்கள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால் பாலன் ஒருவன் வாய்ச்சவடாலை நம்பி யார் நிற்பார்கள்? வாக்கெடுப்பு இழுபறியாகத்தான் இருக்கும் என்று ஆன்டி சொல்கிறார். தோற்றால், சேர்ந்தவர்கள் யார் யார் என்று கம்பெனி ஒவ்வொருவராகத் தேடும். ஃபரா சேர்ந்திருக்கிறாள். நான் சொல்லித்தான் சேர்ந்தாள்.

உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஷாமினி

*

பிரிக்பீல்ட்ஸ்
9 செப்டம்பர் 2025

ரமணி அவர்களுக்கு,

நீங்கள் புதுப் பதவியின் சட்டை போட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்று சுகுமாறன் அண்ணன் சொன்னார். உங்களிடமிருந்து கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தினமும் தட்டைத் தூக்கிப் பார்க்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். போன கடிதத்தில் மகளை இழுத்திருக்கக் கூடாது.

பதில் எழுத மனமில்லாவிட்டால் வேண்டாம். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பதினெட்டாம் தேதி வாக்கெடுப்பு. அன்றைக்குப் பார்த்து, ஜொகூரில் புதுக் கடை திறக்க ஒத்தாசைக்கு என்று கிள்ளான் ஆட்களை அனுப்பப்போகிறார்களாமே. யார் போவது என்று நீங்கள்தான் எழுதித் தர வேண்டுமாமே. உண்மையா?

ஷாமினி

*

கிள்ளான்
11 செப்டம்பர் 2025

உண்மை.

ரமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
22 செப்டம்பர் 2025

ரமணி அக்கா,

ஜெயித்துவிட்டோம்.

நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வார்த்தையைக் கோப்பிச் சக்கைக்குள் போடவில்லை. கிழித்துத் தெருவில் வீசினேன். கிள்ளான் கைவிட்டுப் போய்விட்டது என்று ஆன்டியிடம் சொல்லிவிட்டு அழுதேன். "போன கடைய நெனச்சு அழாம, இருக்கிற கடையப் பாரு" என்றார்.

அதிகாரிகள் மேசை கொண்டுவரவில்லை. நம் கவுண்டரில்தான் பெட்டியை வைத்தார்கள், கேக் கண்ணாடிக்குப் பக்கத்தில். ஃபரா ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து மூச்சை இழுத்து விட்டாள். அவளுக்கு இப்போது நிஜமாகவே மூன்றாவது மாதம். ஏரியா மேனேஜர் இந்த முறை நம்பமாட்டேன் என்கிறார், டாக்டர் சீட்டு வேண்டுமாம். சீட்டையும் கொடுத்தாயிற்று. ஸ்டூல் இன்னும் வரவில்லை.

எண்ணி முடித்ததும் ஆன்டி போன் செய்தார். மற்ற கடைகளில் கிட்டத்தட்ட சரிக்குச் சரி, கிள்ளான் பெட்டிதான் தூக்கிவிட்டது என்றார். ஜொகூருக்குப் போனவர்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டேன். "யாரும் போகலையேம்மா. பாலன்கூட கடையிலதான் இருந்தான். ரமணிய மட்டும் காணோம்" என்றார்.

நீங்கள் எங்கே போனீர்கள் அக்கா? சுகுமாறன் அண்ணனைக் கேட்டால், "அத அவங்களையே கேளு லா" என்று லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தலை வெடிக்கிறது. காதைத் திருகுவதாக இருந்தாலும் சரி, பதில் எழுதுங்கள்.

ஷாமினி

*

கிள்ளான்
9 அக்டோபர் 2025

ஷாமினிக்கு,

ஜொகூருக்குப் போனேன். நான் மட்டும்.

யார் போவது என்று எழுதித் தரச் சொன்னார்கள். "ரொம்ப வாய் பேசுறவங்களா பாத்து அனுப்புங்க" என்று ஏரியா மேனேஜர் போனில் சொன்னார். என் கடை ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு இருந்தது. ஓட்டு இல்லாதவள் நான் ஒருத்திதான். அதையும் அவர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். அதனால் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அங்கே நாள் முழுவதும் நின்றுகொண்டே பலூன் கட்டினேன். இங்கே என்ன நடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முன்கூட்டியே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இரண்டு காரணம். உன் வாய் ஒன்று. இன்னொன்று, எனக்கு உன்மேல் கோபம். ஸ்டூலுக்கு விலைபோனவள் என்று எழுதினாயே, அது பாதி உண்மை என்பதால் வந்த கோபம். உனக்காகவோ சங்கத்துக்காகவோ திட்டம் போட்டு அந்தப் பதவிக்குப் போனவள் இல்லை நான். ஆசைப்பட்டுத்தான் போனேன். அந்தச் சாயங்காலங்கள் நன்றாகவே இருந்தன. மகள் கணக்குப் போடும்போது நாக்கை நீட்டிக்கொள்கிறாள் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

சொன்னபடி ஆட்களை அனுப்பவில்லை என்று பதவியை எடுத்துவிட்டார்கள். பழையபடி கவுண்டர் வேலை. கிள்ளானில் வைத்தால் மற்றவர்களையும் கெடுத்துவிடுவேனாம், அதனால் இடம் மாற்றியிருக்கிறார்கள். எங்கே என்று நீ ஊகித்திருப்பாய். தொலைவில் போட்டுத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு என்னை பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு அனுப்புகிறார்கள். ஆர்டரைப் படித்ததும் ஆபீசிலேயே சிரித்துவிட்டேன். அந்த மனிதருக்கு ஏன் என்று புரியவில்லை.

இரவு ஷிப்ட்தான் கொடுத்திருக்கிறார்கள். கடையை மூடிவிட்டுக் கொம்யூட்டர் ரயில் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் மகள் தூங்கிவிடுவாள். அதுதான் எனக்குப் பெரிய கவலை, மறைக்க விரும்பவில்லை. சங்கம் பேச உட்காரும்போது நான் முதலில் கேட்கப்போவது ஷிப்ட்டைத்தான் என்று தங்கமணியிடம் சொல்லிவிட்டேன். "நீங்களே உள்ள வந்து உக்காந்து கேளுங்க" என்றார்.

ஃபராவுக்கு இன்னும் ஸ்டூல் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எங்கள் ஸ்டூலைக் கொண்டுபோகச் சொல்லி இங்கே எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். "நாங்க இனிமே எங்க பேர்லயே கேட்டுக்குறோம் க்கா. அமுதவள்ளிக்கு மூணாவது பிள்ளையெல்லாம் என்னால பெத்துக் குடுக்க முடியாது" என்றான் பாலன்.

நான் வருகிற திங்கட்கிழமை மாலை வருகிறேன். தீபாவளிக் கடைகளெல்லாம் போட்டிருப்பார்கள், கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்காதே. கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறவள் நான்தான். ஸ்டூல் எனக்கு முன்னால், காலையிலேயே சுகுமாறன் அண்ணன் லோரியில் வந்துவிடும். குட்டைக் காலுக்கு டிஷ்யூ மடித்து வை.

கவுண்டருக்குப் பின்னால், கேமராவுக்கு நேராகவே போடு. முதலில் ஃபரா உட்காரட்டும். போன் வரும். யாருடைய ஸ்டூல் என்று கேட்பார்கள். ரமணியுடையது என்று சொல்.

ரமணி